வெறும் வயிற்றில் வெள்ளை மாத்திரை

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். பீஸ் ரேட். தைத்தால் கூலி, எழுந்தால் இல்லை.

ஷிப்மெண்ட் நெருங்கினால் சூப்பர்வைசர் டீயும் பன்னும் கொண்டுவருவார். கூடவே தோள்வலிக்கு ஒரு வெள்ளை மாத்திரை. மெஷின் பலகையில் வைத்துவிட்டு, "போட்டுக்கங்க சாமி, கை நல்லா ஓடும்" என்பார். என்ன மாத்திரை என்று யாரும் கேட்டதில்லை. பன்னைத் தின்ன நேரம் இருக்காது. மாத்திரையை மட்டும் டீயில் விழுங்குவேன்.

பிறகு நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல் தொடங்கியது. வயிறு காலியானால் வரும், ஏதாவது தின்றால் அடங்கும், மறுபடி வரும். வலி வலிதானே என்று அதற்கும் அதே மாத்திரையைப் போட்டேன். லைனில் எல்லோரும் அப்படித்தான்.

"வயித்துக்குள்ள எவனும் ஓவர்லாக் அடிக்கானா?" என்றாள் மனைவி. தென்காசிப் பக்கம் எங்களுக்கு. அவளும் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள்.

"இப்ப ஊசி மாத்திக்கிட்டு இருக்கான்" என்றேன்.

ஒரு நாள் காலையில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. அன்றைக்கே மயங்கி மெஷின் மேல் சாய்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். ஒரு தாளில் வரைந்து காட்டினார்.

"இது இரைப்பைங்கண்ணா. இது முடியற எடத்துல லாடம் மாதிரி வளைஞ்சு போகுது பாருங்க, முன்சிறுகுடல். நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல இருக்கும். இரைப்பை அரைச்ச சோறு அமிலத்தோட இங்கதான் எறங்குது. பித்தமும் கணையத்துச் சாறும் இந்த ஓட்டையில வந்து விழுந்து அமிலத்த அடக்கும், சோத்தையும் கரைக்கும்."

"புண்ணு எங்கம்மா?"

"ஓட்டைக்கு முன்னாடி. அமிலம் மொதல்ல படற எடம். குடல் மேல வழுவழுன்னு ஒரு பூச்சு இருக்கும். அதை நீங்க சொன்ன வலி மாத்திரை தின்னுருச்சு. புண்ணுல ரத்தம் கசிஞ்சுதான் கறுப்பாப் போயிருக்கு. இனி அந்த மாத்திரையத் தொடக்கூடாதுங்க. நேரத்துக்குச் சாப்பிடணும்."

"மெஷின்ல உக்காரலாமா?"

"சாப்பிட எந்திரிக்க விட்டா உக்காருங்க."

உடம்பு தேறியதும் கம்பெனிக்குப் போனேன். என் மெஷினில் பீகார்க்காரர் ஒருவர் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, லைன் நிக்கக் கூடாதுல்லங்க? நீங்க பிசிர் வெட்டப் போங்க. அங்க மணியடிச்சா சோறு" என்றார் சூப்பர்வைசர், மரியாதையாகத்தான். பதினெட்டு வருஷம் தைத்த கை. நூல் பிசிர் வெட்டச் சொன்னார்.

பீகார்க்காரர் பக்கத்தில் பன் இருந்தது. மேலே மாத்திரை. எனக்கு இந்தி வராது. மாத்திரையைக் காட்டி, என் வயிற்றைக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் தன் தோளைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

"டீக் ஹை, அண்ணா."

சரி சரி என்று தலையாட்டி, மாத்திரையை விழுங்கிவிட்டு அடுத்த பீஸை எடுத்தார். பன் அப்படியே இருந்தது.