மைசருக்கு அர்த்தம்

என் மேஜை டிராயரில் ஒரு பச்சைப் பட்டன் பதினான்கு வருடம் கிடந்தது. தகட்டை அடித்து வடிவெடுக்கிற பவர் பிரஸ் மெஷினில் பொருத்துகிற பட்டன். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காதது. அது நான் திருடியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தபோது, ஒரு பீரோவின் பூட்டையும் ஒரு மனிதனின் பல்லையும் உடைத்துவிட்டு அதை எடுத்து வந்தேன். அந்த மனிதன் எங்கள் சூப்பர்வைசர். ஸ்டோர் சாவியும் அவனிடம்தான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவன். அவர் என்றுதான் எழுத வேண்டும். கை வரவில்லை.

குளியல் சோப்பை ஹாக்சா பிளேடால் நான்காக அறுத்து, ஒரு பேசினுக்கு ஒரு துண்டு வைப்பான். மெஷின் துடைத்த துணியைக் கெரசினில் அலசி, காம்பவுண்டுச் சுவரில் காயப்போட்டு, மறுபடியும் எங்களிடமே கொடுப்பான். ஆயுத பூஜைக்கு ஒரு மெஷினுக்கு அரை எலுமிச்சம்பழம். நாங்கள் அவனைக் கஞ்சப் பிசினாறி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். முகப்பேரிலிருந்து பைக்கில் வருகிற ஒரு டிரெயினி இன்ஜினியர்தான் அதை மாற்றினான். ஒரு நாள் மார்க்கிங் சாக்பீஸ் கேட்டுப் போனவன் அரைத் துண்டோடு திரும்பி வந்து, "சரியான மைசர்" என்று முணுமுணுத்தான். அர்த்தம் கேட்டோம். "கஞ்சன்தாண்ணே. ஆனா இல்லாதவன மைசர்னு சொல்ல முடியாது. கையில வெச்சுக்கிட்டே இல்லன்னு சொல்றான் பாருங்க, அவன்தான் மைசர்" என்றான். எங்களுக்குப் பிடித்துவிட்டது. சின்னச் சொல். சுருக்கென்று குத்துகிற சொல்.

அந்தச் சொல்லை ஷாப் முழுக்கப் பரப்பியது என் மச்சான். என் மனைவியின் தம்பி. அவனை அங்கே ஆபரேட்டராகச் சேர்த்துவிட்டது நான். "டேய், மைசர் வந்துகினு கீறான், சோப்ப எண்ணி வைங்கடா" என்று ஒரு நாள் கத்தினான். பின்னாலேயே நின்றுகொண்டிருந்த சூப்பர்வைசர் கோபப்படவில்லை. "ஆமாண்டா, மைசர்தான். உங்கள மாதிரி வாரி இறைச்சிருந்தா இந்த ஷெட்ல இன்னைக்கு மொதலாளி மாடு கட்டியிருப்பாரு" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அதன் பிறகு முதலாளிகூட அவனை விருந்தாளிகளிடம், "இவர்தான் எங்க மைசர்" என்று தோளைத் தட்டி அறிமுகம் செய்வார். வசவாக வந்த சொல்லை அவன் பட்டமாக மாட்டிக்கொண்டு திரிந்தான்.

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள் உண்டு. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் டை, தகட்டை அடிக்கிற இரும்பு அச்சு, இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் கை இருக்காது. அவ்வளவுதான் கணக்கு. மச்சானின் மெஷினில் இடது பட்டன் ஒரு நாள் உடைந்து கழன்று விழுந்தது. கீழே இருந்த ஸ்கிராப் தொட்டியில் விழுந்தது அப்போது யாருக்கும் தெரியவில்லை. தொட்டியை லாரிக்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டான். நான் ஸ்டோருக்குப் போய்ப் புதுசு கேட்டேன். அங்கே ஒரு சட்டம் இருந்தது. பழைய சாமானைக் கொடுத்தால்தான் புதிய சாமான். கையுறையிலிருந்து பல்பு வரைக்கும் அப்படித்தான். "பழசு எங்க?" என்றான். ஸ்கிராப்போடு போய்விட்டது என்றேன். "அப்ப அது வர்ற வரைக்கும் ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கி விடு. ஒரு பட்டன்ல ஓடட்டும்" என்றான். எங்கிருந்து வரும்? குப்பைக்குப் போனது நடந்து வருமா? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நான் போய் முறுக்கினேன். நன்றாக, இறுக்கமாக முறுக்கி டேப் சுற்றினேன். பன்னிரண்டு நாள் அந்த மெஷின் ஒற்றைப் பட்டனில் ஓடியது.

பதின்மூன்றாம் நாள் காலை, டீ முடிந்து எல்லோரும் மெஷினுக்குத் திரும்பியிருந்தோம். நான் கம்ப்ரெசர் பக்கம் இருந்தேன். பிரஸ் ஷாப்காரனுக்குக் காதே கண். தகட்டின் மேல் விழுகிற அடி காய்ந்த சத்தமாக இருக்கும். அந்த ஒரு அடி ஈரமாக விழுந்தது. ஓடினேன். மச்சான் கத்தவில்லை. வலது கட்டைவிரல் இன்னும் பட்டனின் மேலேயே இருந்தது. டைக்குள் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஷீட்டு கோணிகினு இருந்துச்சு மாமா. நேரா வெச்சேன்." நேராக வைத்த இடது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். டை முழுக்க ரத்தம். பூஜையன்று அந்த டைக்கு அடியில்தான் அரை எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருந்தோம்.

துணி, துணி என்று கத்தினேன். சூப்பர்வைசர் ஓடிவந்தான். கையில் துணி. சுவரில் காய்ந்துகொண்டிருந்த பழைய துணி. கெரசின் நாற்றம் என் முகத்தில் அடித்தது. ஒருவன் தன் சட்டையைக் கழற்றி மச்சானின் கையில் சுற்றினான். வேனில் ஏற்றினார்கள். நானும் ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் திரும்பி நடந்தேன்.

முதல் அடி சூப்பர்வைசரின் காதின் மேல். அடுத்தது வாயில். அவன் பல் என் விரல் முட்டியில் குத்தி உடைந்தது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. கீழே விழுந்தவனின் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஸ்டோர் பீரோவுக்கு முன்னால் போட்டேன். சாவி கேட்டேன். ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்து அவன் கேட்டான்: "பழசு எங்கடா?" அந்த நிலைமையிலும் அதைத்தான் கேட்டான். விலாவில் உதைத்தேன். "மைசர்! மைசர்!" ஒரு உதைக்கு ஒரு தடவை. பைப் ரெஞ்சால் பூட்டை அடித்துத் திறந்தேன். உள்ளே கோவில் மாதிரி சுத்தம். கட்டுக் கட்டாக வெள்ளைத் துணி. முழுச் சோப்புகள். புது கையுறைகள். ஒரு அட்டைப் பெட்டியில் பதினோரு பச்சைப் பட்டன்கள். ஒன்றை எடுத்து அவன் கண்ணுக்கு முன்னால் காட்டினேன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பிடித்து இழுத்தபோது அது என் உள்ளங்கையிலேயே இருந்தது. அவர்கள் பிடித்திருக்காவிட்டால் கொன்றிருப்பேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நடக்க இருந்ததைச் சொல்கிறேன்.

விசாரணை வைத்தார்கள். குற்றப் பத்திரிகை இங்கிலீஷில் இருந்தது. அடித்தது ஒன்று, பூட்டை உடைத்தது ஒன்று, மேலதிகாரியை 'மைசர்' என்று இழிவாகப் பேசியது ஒன்று. விசாரணைக்கு முதல்நாளே மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஸ்டோர்ல பட்டன் ஸ்டாக் இல்ல, நானாதான் வயர முறுக்கினேன்னு எழுதிக் குடுத்துரு. சூப்பர்வைசர்கிட்ட மன்னிப்புக் கேட்டுரு. உன் வேலை உனக்கு." எழுதிக் கொடுத்தால் மச்சானின் நஷ்ட ஈட்டுக் கேஸ் படுத்துவிடும் என்று வக்கீல் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வீட்டில் மனைவி சோறு மட்டும் போட்டாள். போய் உண்மையைச் சொல்லிவிட்டு வா என்றும் சொல்லவில்லை, வேலையைக் காப்பாற்று என்றும் சொல்லவில்லை.

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்தவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "மைசர்னா என்ன அர்த்தம்னாவது தெரியுமாய்யா?" என்றார். "தெரியும் சார். வெச்சிகினே இல்லன்றவன். பீரோல பதினோரு பட்டன் இருந்துச்சு. அதுல ஒண்ணு மெஷின்ல இருந்திருந்தா என் மச்சான் இந்நேரம் ரெண்டு கையால அவன் கொழந்தையத் தூக்கிகினு இருப்பான்" என்றேன். வயரை முறுக்கியது யார் என்றார். "இவரு சொன்னாரு. முறுக்குனது என் கை" என்றேன். அதிகாரி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். ஸ்டாக்கில் பட்டன் இருந்ததா? மேனேஜர் அவனைப் பார்த்து இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினார். உதடு வீங்கி, பேச்சுக் குழறியபடி அவன் எழுந்து நின்றான். "இருந்துச்சு சார். பதினொண்ணு. ஒண்ண இவன் எடுத்துட்டுப் போய்ட்டான். இப்ப பத்து. பழசு வரல, அதனால குடுக்கல." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான். ஸ்டாக்கில் இருந்ததை இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பொய்யிலும் அவன் மைசர்.

என் வேலை போனது. மச்சானின் நஷ்ட ஈட்டுக் கேஸ் படுக்காமல் நின்றது. அவன் இப்போது நெமிலிச்சேரியில் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி. வீட்டு விசேஷங்களில் என்னைப் பார்த்ததும் அந்த ஒற்றைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "மாமா வேலன்னா சூப்பர் மாமா" என்பான். எல்லோரும் சாப்பாட்டு இலையைப் பார்ப்பார்கள். அவனை அறைவதா, என்னை நானே அறைந்துகொள்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சூப்பர்வைசரை அதன் பிறகு ஒரே ஒரு தடவை, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பார்த்தேன். முன்பல் இல்லாத வாய். நலமா என்று கேட்கவில்லை. மச்சான் எப்படி இருக்கிறான் என்றும் கேட்கவில்லை. "அந்தப் பட்டன் உங்கிட்டதான இருக்கு? கவர் பிரிக்கலையே?" என்றான். என் கை தானாக ஓங்கியது. அவன் நகரவில்லை. பிரிக்கவில்லை என்ற உண்மைதான் என் கையை இறக்கியது.

இப்போது திருமுல்லைவாயல் பக்கம் ஒரு சின்ன ஷாப்பில் நான்தான் மெயின்டனன்ஸ். ஆறு பிரஸ். போன மாதம் ஒரு மதியம், பட்டாபிராமிலிருந்து வேலைக்கு வருகிற ஒரு பெண் என் மேஜைக்கு வந்து, "அண்ணே, லெஃப்ட் பட்டன் உள்ள பூந்துகிச்சு, வர மாட்டேன்து" என்றாள். நான் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பழசக் கழட்டி எடுத்தாம்மா." சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. ஸ்டாக்கில் பட்டன் இல்லை. முதலாளிக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வாங்கிக்கலாம், இன்னைக்கு மட்டும் டைரக்ட் குடுத்து ஓட்டு" என்றார். டைரக்ட் என்றால் வயரை முறுக்குவது. அவள் நின்றுகொண்டே இருந்தாள், இடது கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு. ஐந்து விரலும் இருந்தது.

டிராயரை இழுத்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணே, புதுசு கீதே! வெச்சிகினேவா இம்மா நேரம் யோசன பண்ணினு இருந்தே?"

கவரைப் பல்லால் கிழித்துத் துப்பிவிட்டு அவளுடைய மெஷினுக்கு நடந்தேன்.