அண்ணன் கொண்டுவந்த பாதி செட்டு

பத்து வயதில் எனக்கு ஊரில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், பள்ளிக்கூடத்து ஆயா சத்துமாவைத் திருடுகிறாள், அம்மா பெரிய மீன் துண்டை அண்ணனுக்குத்தான் வைக்கிறாள் என்று எல்லாரையும் வேவு பார்த்துக்கொண்டிருப்பேன். மீன் விஷயம் மட்டும் உண்மை.

எழுபதுகளின் நடுவில் அண்ணனுக்கு மெட்ராஸில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது. திருவிடந்தைக்குப் பக்கத்தில் எங்கள் காலனியில் அதுவரை காலேஜ் வாசலை மிதித்தவரே இல்லை. ஆளாளுக்குப் புத்திமதி சொன்னார்கள். அம்மா சொன்னது ஒன்றுதான். "மாசம் ஒருவாட்டி வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போடா."

அம்மாவுக்கு மெட்ராஸ் மேலேயே சந்தேகம். காரணம் சித்தப்பா. சின்ன வயதில் பனைமரத்திலிருந்து விழுந்து வலது தொடை ஒடிந்து, கட்டுப் போட்டது கோணலாகக் கூடி, காலை இழுத்து இழுத்து நடப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். கூலி வேலைக்கென்று மெட்ராஸுக்கு பஸ் ஏறியவர், நாலு வருஷமாகத் திரும்பவில்லை. நைனா, அதாவது எங்கள் அப்பா, இரண்டு முறை போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

முதல் லீவுக்கு அண்ணன் ஒரு தகரப்பெட்டியோடு வந்தான். பூட்டு போட்டிருந்தான். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தான். "தொட்டா கைய ஒடிச்சிடுவேன்" என்றான். இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? காதல் கடிதம் என்று அம்மா நினைத்தாள். திருட்டுச் சாமான் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலை அவன் எதையோ துண்டில் சுற்றிக்கொண்டு சவுக்குத் தோப்புக்குப் போனான். பின்னாலேயே போனேன். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, மடியில் இருந்ததைத் தடவித் தடவி என்னமோ முணுமுணுத்தான். துண்டு விலகியது. எலும்பு. பக்கத்தில் ஒரு மண்டை ஓடு.

அலறிக்கொண்டு ஓடினேன். "நைனா, அண்ணன் மந்திரம் பண்றான்!"

நைனா சவுக்குக் கட்டையோடு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. "இன்னாடா இது? எந்தச் சுடுகாட்ல தோண்டிக்கினு வந்த?"

அண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. "படிப்புக்கு நைனா. சீனியருங்க சொல்லித்தான் வாங்கினேன். புக்கு அப்புறம், மொதல்ல எலும்பு வாங்குன்னாங்க. கண்ண மூடிக்கினு கையாலயே படிச்சாத்தான் பரிச்சைல சொல்ல முடியுமாம். சீனியரு படிச்சு முடிச்சா ஜூனியருக்குக் குடுத்துடுவாரு."

"சரி, சீனியருக்கு எங்கேர்ந்து வந்துது?"

"ஆஸ்பத்திரில கேக்க ஆளில்லாத பொணம் நைனா."

"கேக்க ஆளில்லன்னு யாருடா சொன்னது?" என்று நைனா கத்தினார். பிறகு கட்டையைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார். எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீளமான ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிக்கொண்டே போனார்.

"இது தொடையாடா?"

"ஆமா நைனா."

"எந்தக் காலு?"

"இடது."

"வலது எங்க?"

"இது பாதி செட்டு. நானும் இன்னொரு பையனும் சேர்ந்து வாங்கினோம். அந்தாளோட வலது பக்கம் அவன்கிட்ட கீது."

நைனா அந்த எலும்பைத் துண்டில் பத்திரமாகச் சுற்றி வைத்தார். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சீனியர் அண்ணனை ஏமாற்றிப் பாதிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான், நைனா அதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். லீவு முடிந்து அண்ணன் கிளம்பியபோது நைனாவும் வேலையை விட்டுவிட்டு அவனோடு பஸ் ஏறினார். சீனியரை உதைக்கப் போகிறார் என்று காலனி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம் நைனா திரும்பினார். சட்டை கசங்கவில்லை, அடிதடி நடந்த அடையாளமே இல்லை. அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து நின்றாள்.

"பாத்தேன்" என்றார் நைனா. "அந்தப் பையன் நல்லவன், வலது தொடைய எடுத்துக் கையில குடுத்தான். முழுசா தடவிப் பாத்துட்டேன். எங்கயும் ஒடியல. நல்லா நேரா கீது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நைனா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இரண்டு பேர் மேலும் சந்தேகம் வந்தது. ஒடியாத நல்ல எலும்பு கிடைத்ததற்கு யாராவது அழுவார்களா?