டமாரம் கேட்ட செய்தி

"மேற்படி நபர் உரத்த குரலையும் மிகுந்த சிரமத்துடனேயே கேட்கக்கூடியவர்" என்று மருத்துவக் குழு முத்திரை குத்திச் சான்றளித்திருந்தது. அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் எந்திரத்தோடு குடித்தனம் நடத்தியவருக்கு அதில் வியப்பில்லை. கூட வேலை பார்த்தவர்கள் சான்றிதழுக்கு முன்பே டமாரம் என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆனால், அடுத்த அறை எந்திரத்தில் பேரிங் தேய்கிறது என்று முதலில் சொல்பவரும் அந்த டமாரம்தான். மேல்சுருதி போயிருந்தது, அடிச்சுருதிக்குப் பாம்புச் செவி. மனைவியின் தீர்ப்பு வேறு: "வேணுங்கிறது மட்டும் கேக்கும்."

அன்று வேண்டியிருந்தது. பன்னிரண்டரை மணிச் செய்தியை மகள் முதல் தடவையாக வாசிக்கப் போகிறாள். அந்த நிலையம் மத்திய அலையில் மட்டுமே வரும். மறு ஒலிபரப்பு கிடையாது. மணி பன்னிரண்டு பத்து. ரேடியோவுக்குள் ஆயிரம் வண்டுகள் குடியிருந்தன.

"ஏங்க, கம்பிய நல்லா இழுத்து விடுங்களேன்."

"அது எஃப்எம்முக்கு. இதுக்கு ஏரியல் பெட்டிக்குள்ளயே இருக்கு."

"அப்ப அத இழுங்க!"

அவர் ரேடியோவில் பேட்டரி போட்டுக்கொண்டு மெயினை அணைத்தார். வீடு அடங்கியது. வண்டுகளும் அடங்கின.

"திருடன் வெளிய இல்ல. நம்ம வீட்டுக்குள்ளதான் இருக்கான்."

"ஃப்ரிட்ஜும் நின்னுபோச்சு. பால் திரிஞ்சா?"

"பால் அரை மணி தாங்கும். செய்தி தாங்காது."

ஃப்யூஸ்களைப் பிடுங்கிவிட்டு, மெயினைத் திரும்பப் போட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். சமையலறைக்குப் போட்டார், அமைதி. படுக்கையறைக்கும் அமைதி. கூடத்துக்குப் போட்டதும் வண்டுகள் திரும்பின. டிவியைப் பிடுங்கினார், விசிறியை நிறுத்தினார், வண்டுகள் அசையவில்லை. கடைசியில் அலமாரிக்குப் பின்னால் ஒரு குட்டிச் சார்ஜர் விழித்துக்கொண்டிருந்தது.

"இது யாரு வீட்டுப் பிள்ள?"

"உங்க காது மெஷினோடதுதான். சர்டிபிகேட்டோட சும்மா குடுத்தாங்களே! நீங்கதான் மாட்டித் தொலைக்கிறதில்ல, சார்ஜாவது ஏறட்டும்னு நான் செருகி வச்சேன்."

"எப்ப?"

"ரெண்டு வருஷமாச்சு."

இரண்டு வருடமாக நிலையத்தைத் திட்டியிருந்தார், மழையைத் திட்டியிருந்தார், மாடிவீட்டுத் தையல்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை. கேட்பதற்கென்று கொடுத்த கருவி, கேட்கவிடாமல் செய்திருக்கிறது. அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மனைவி முதலில் முறைத்தாள், பிறகு அவளாலும் அடக்க முடியவில்லை.

சார்ஜரைப் பிடுங்கியதும் வண்டுகள் ஒழிந்தன. நிலையத்துக் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பெட்டியை மேசைமேல் மெல்லத் திருப்பினார். அது ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்றபோது குரல் பளிச்சென்றது. மணி பன்னிரண்டரை.

மகள் 'ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்ற இடத்தில் ஒருமுறை தடுக்கினாள். மூச்செடுத்துத் திருத்திக்கொண்டு மேலே போனாள். "தப்பிச்சுட்டா," என்றாள் மனைவி, தானே தப்பித்தவளைப்போல. அவர் காது பெட்டியிலேயே இருந்தது.

சார்ஜர் ஒன்றைப் பிடுங்கி, ரேடியோவைக் கால்வட்டம் திருப்பிவைத்து, மகள் வாசித்த பத்து நிமிடச் செய்தியை ஒரு சொல் விடாமல் கேட்டார்.