முன்கூட்டியே போட்ட கையெழுத்து

துளசிங்கத்துக்கு ஐம்பத்தாறு வயது. மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடமாக குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வீடு பீர்க்கன்கரணையில். வியாழக்கிழமை மாலையானால் மேற்குத் தாம்பரத்தில், ஒரு மாடி ஹாலில் நடக்கும் கீதை வகுப்பில் இருப்பார். பாய் விரிப்பது, மைக் சரிபார்ப்பது, யாராவது சந்தேகம் கேட்டால் முந்திக்கொண்டு பதில் சொல்வது எல்லாம் அவர்தான். கம்பெனியில் அவருக்குப் பெயர் 'சாமி'. அதில் கேலி பாதி, மரியாதை பாதி.

அவருடைய மேஜைக்கு முந்தின மேஜை ஜெயப்ரியாவுடையது. காண்ட்ராக்ட் வேலை, ஊரப்பாக்கத்திலிருந்து வருகிறாள். பிரேக் குழாயில் மாட்டும் சின்ன நட்டுகள் நீலப் பெட்டிகளில் வரும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, துளசிங்கத்தின் மேஜையில் இருக்கும் பச்சை அட்டையில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு துளசிங்கம் அதே பெட்டியிலிருந்து பத்து நட்டுகளை எடுத்து அளந்து, கீழே தன் கையெழுத்தைப் போடுவார். இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் பெட்டி வெளியே போகும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் அவள் எழுந்து வந்து கையெழுத்துப் போடுவதில் நேரம் போகிறது என்று துளசிங்கத்துக்குத் தோன்றியது. வியாழக்கிழமை நாலு மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் வகுப்புக்குத் தாமதமாகிவிடும்.

"ஜெயா, காலையிலேயே ஒரு இருபது அட்டையில போட்டுக் குடுத்துடும்மா. நான் பாத்துக்கறேன்."

"தப்பில்லையா சார்?"

"நான் இருக்கேன்ல?"

போட்டுக் கொடுத்தாள். வேறு யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாள்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, வகுப்பில் அவரே பேசுவதாக ஏற்பாடு. முதல் தடவை. தலைப்பு, பலன் கருதாமல் கடமையைச் செய்வது. பதினைந்து நிமிடப் பேச்சை ஒரு வாரமாக பஸ்ஸில் முணுமுணுத்துப் பழகியிருந்தார். அன்று மூன்றே முக்காலுக்கு அவர் மேஜையருகே இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று ஜெயப்ரியா பார்த்து முடித்தது. மற்றது அவள் தொடாதது. துளசிங்கம் எதையும் அளக்கவில்லை. இரண்டிலும் அட்டையைச் செருகிக் கையெழுத்திட்டு பஸ்ஸுக்கு ஓடினார். பேச்சு நன்றாக அமைந்தது. கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. ஒரு பெட்டியில் நாற்பது நட்டுகளில் துளை பாதியோடு நின்றிருந்தது. நல்லவேளையாக எதையும் காரில் மாட்டவில்லை. மறுநாள் மேனேஜர் தட்சிணாமூர்த்தியின் அறையில் விசாரணை.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அப்ப பாத்தியா, பாக்கலியா?"

ஜெயப்ரியா துளசிங்கத்தைப் பார்த்தாள். அவர் தன் அடையாள அட்டையின் கயிற்றைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"சாமி, நீங்க?"

"பத்து பீஸ் எடுத்து அளந்தேன் சார். பத்தும் சரியா இருந்தது."

காண்ட்ராக்ட் ஆளை நிறுத்த நோட்டீஸ் எல்லாம் தேவையில்லை. அன்று மதியமே கேட்டில் அவளுடைய பாஸை வாங்கிக்கொண்டார்கள். கேன்டீனில் ஒருவர், "அது அவ கர்மா. நீ இன்னா சாமி பண்ணுவ?" என்றார். துளசிங்கம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவரவர் வினை அவரவருக்கு. இரண்டு நாள் அது போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை வகுப்பில் ஒரு பெண்மணி எழுந்து கேட்டார்: "ஒருத்தர் படற கஷ்டம் அவரோட கர்மான்னா, நாம ஏன் தலையிடணும்?"

துளசிங்கம் வழக்கம்போல முந்திக்கொண்டார். "அவங்க கர்மா என்னன்னு நமக்குத் தெரியாதும்மா. நாம செய்ய வேண்டியது என்னன்னு நமக்குத் தெரியும். அதுதான் தர்மம்."

முன்வரிசையில் தலைகள் ஆடின. துளசிங்கத்துக்குக் காது சுட்டது. வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாயைக்கூடச் சுருட்டாமல் கிளம்பினார். அப்படியும் வெள்ளி, சனி என்று இரண்டு நாளை ஓட்டினார்.

ஞாயிறு காலை ஊரப்பாக்கம் போனார். வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவன் ஜெயப்ரியாவின் கணவன் தனசேகர்.

"இன்னா சாமி, வூட்டாண்டயே வந்துட்ட? கீதை சொல்லப் போறியா?"

ஜெயப்ரியா வெளியே வந்தாள். 'உட்காருங்க' என்று சொல்லவில்லை. துளசிங்கம் நின்றபடியே சொன்னார். அந்தப் பெட்டி அவள் மேஜைக்கே வரவில்லை என்றார். தானும் அளக்கவில்லை, பொய் சொன்னேன் என்றார்.

"தெரியும் சார்," என்றாள். "தொட்டிருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதா?"

"அப்ப ஏம்மா அங்கயே சொல்லல?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

தனசேகர் துணியை வாளியில் போட்டான். "இத இங்க வந்து சொல்லி இன்னா சாமி பிரயோஜனம்? அங்க போய் சொல்லு."

திங்கட்கிழமை துளசிங்கம் அங்கே போய்ச் சொன்னார். தட்சிணாமூர்த்திக்கு எரிச்சல். "முடிஞ்சு போன ஃபைல் இது. கஸ்டமருக்கு அவ பேரைப் போட்டு பதிலே அனுப்பியாச்சு. ரிட்டயர் ஆகப் போற நேரத்துல உங்களுக்கு ஏன் இந்தப் பேஜாரு?"

"அவ பேரை எடுக்கணும் சார்."

"எடுத்தா உங்க பேரைப் போடணும்."

"போடுங்க."

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அட்டைகளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கியதையும் எழுதினார். பஸ்ஸுக்கு ஓடியதை எழுதினார். எதற்காக ஓடினார் என்பதை மட்டும் எழுத வரவில்லை. 'சொந்த வேலையாக' என்று போட்டார். படித்துப் பார்த்து, அதை அடித்துவிட்டு 'கடமையைப் பற்றிப் பேசுவதற்காக' என்று எழுதினார். தட்சிணாமூர்த்தி அந்த வரியில் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். காகிதத்தை ஃபைலில் வைத்தார்.

துளசிங்கத்துக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். அது முடிந்ததும் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இன்ஸ்பெக்‌ஷன் முத்திரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஜெயப்ரியாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். வேறு வேலை கிடைக்காததால் வந்தாள்.

பேக்கிங்கில் அவருக்கு முதல் நாள். ஷிப்ட் ஆரம்பிக்கும் நேரம், கேட்டில் நூறு பேர் வரிசை. ஜெயப்ரியாவைப் பார்த்ததும் துளசிங்கம் வரிசையை விட்டு விலகி, அவளுக்கு எதிரே போய் இரண்டு கையையும் கூப்பினார். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

ஜெயப்ரியாவின் முகம் சுருங்கியது.

"கையை எறக்குங்க சார். எல்லாரும் பாக்கறாங்க."

பாஸைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். துளசிங்கம் கையை இறக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.