கடைசி வரிசை வரை

கடைசிப் பிள்ளை இறங்கி வீட்டுக்குள் போன பிறகும் பிரமிளா வேன் கதவைச் சாத்துவதில்லை. உள்ளே ஏறிக் குனிந்தபடியே பின்பக்கம் வரை நடப்பாள். ஒவ்வோர் இருக்கையிலும் உள்ளங்கையை வைத்து அழுத்துவாள். அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பாள். கடைசி வரிசையைத் தொட்டுவிட்டுத் திரும்பி, இறங்கி, கதவை இழுத்துச் சாத்திய கையோடு மறுபடி திறந்து இன்னொரு நடை போவாள். தினமும் இரண்டு நடை. பதினேழு வருடத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை. பென்சில், தண்ணீர் போத்தல், ஒற்றைக் காலுறை என்று கிடைத்திருக்கின்றனவே தவிர, ஒரு பிள்ளை விடுபட்டதாகப் பேச்சே இல்லை.

வயது ஐம்பத்தைந்து. ஒல்லியான உடம்பு, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், மழைக்கும் வெயிலுக்கும் ஒரே தொப்பி. ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் வேன் ஓட்டுகிறவர்கள் பலர் இருந்தாலும் பிள்ளையைப் பிரமிளாக்கா வேனில்தான் ஏற்ற வேண்டும் என்று காத்திருக்கும் வீடுகள் உண்டு. அவளுக்கு உட்காரத்தான் தெரியாது. சிவப்பு விளக்கில் வேன் நிற்கும், அவளுடைய இடது முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். கடை மாடியில் நடக்கும் அவளுடைய கிறிஸ்தவ சபையில், பாஸ்டர் பிரசங்கத்தைப் பாதி முடிப்பதற்குள் அவள் எழுந்து வாசலுக்குப் போய், கலைந்து கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பாள். காது உள்ளேதான் இருக்கும். கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டால் வரி பிசகாமல் சொல்வாள்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. சொன்ன சொல்லில் கொஞ்சம் பொய் கலந்துவிட்டால், வேனைத் திருப்பிக்கொண்டு வந்து அதைச் சரிசெய்தாக வேண்டும். ஒரு நாள் பத்து நிமிடம் தாமதமாக வந்தவள், சிலிபின் சாலையில் நெரிசல் என்று ஒரு தாயிடம் சொல்லிவிட்டாள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே அந்த வீட்டு கேட்டுக்கு வந்து மணி அடித்தாள். "ஜாம் எல்லாம் ஒண்ணும் இல்லலா. நான்தான் தூங்கிட்டேன்." அந்தத் தாய் கையில் மாவோடு நின்று, "இதச் சொல்லவா திரும்பி வந்தீங்க?" என்றாள்.

முனையில் உணவுக்கடை வைத்திருக்கும் லியாகத் அலிக்கு இது தினசரிக் கேலி. "என்ன அக்கா, இன்னைக்கு தே தாரிக்கா, மன்னிப்பா?"

"ரெண்டும்தான். நேத்து டீ நல்லா இருக்குன்னு சொன்னேன்ல? நல்லா இல்ல தம்பி. பால் கூடிப்போச்சு."

"அத நேத்தே சொல்லியிருக்கலாமே லா."

"ஒங்க சம்சாரம் பக்கத்துல நின்னாங்க. முகத்துக்காகச் சொல்லிட்டேன்."

"நீங்க மன்னிப்புக் கேட்டா எனக்குத்தான்க்கா வவுறு எரியுது," என்று சொல்லி அவர் புதிதாக ஒரு டீ ஆற்றுவார். அவள் நின்றபடியே குடிப்பாள்.

இந்தப் பழக்கம் பிறவியில் வந்ததல்ல. மகளுக்கு டெங்கி வந்து படுத்திருந்தபோது பக்கத்து வீட்டார் வந்து ஜெபித்தார்கள். காய்ச்சல் போயிற்று, ஜெபம் அந்த வீட்டில் தங்கிவிட்டது. 2007-இல் ஞானஸ்நானம் எடுத்தாள். அன்று அவளோடு ஆற்றில் முங்கிய ஐந்து பேரும் பாரம் இறங்கிவிட்டது என்று சாட்சி சொன்னார்கள். பிரமிளா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பாஸ்டரிடம் தனியாகச் சொன்னாள்: "தண்ணிக்குள்ள கண்ண மூடுனதும் நல்லம்மாக்கா முகம்தான் தெரிஞ்சுச்சு பாஸ்டர்."

நல்லம்மாக்கா என்கிற நல்லம்மாளும் பிரமிளாவும் பீடோருக்கு உள்ளே இருந்த கல்மேட்டு ரப்பர் தோட்டத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள். தாய்மார்கள் பால்மரம் சீவப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் இவர்கள் இருவரும்தான் ஆயாக்கள். 1989-இல் பிரமிளாவுக்குப் பத்தொன்பது வயது, நல்லம்மாளுக்கு இருபத்தேழு. ஒரு காலை நல்லம்மாள், "பிள்ளைகளப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் துணி அலசப் போனார். அந்த நேரம் வளையல்காரன் வேன் வந்து நின்றது. பிரமிளா ஒரு டஜன் சிவப்பு வளையலைக் கையில் போட்டுப் பார்த்துவிட்டு வருவதற்குள், தீபன் என்கிற ஒன்றரை வயதுப் பிள்ளை கொதிநீர்க் கெண்டியை இழுத்துவிட்டிருந்தான். வலக்கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று.

கணக்குப் பார்க்கும் தோட்டத்துக் கிராணி வந்து யார் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டார். "நல்லம்மாக்காதான்," என்றாள் பிரமிளா. அழுதுகொண்டே சொன்னதால் எல்லாரும் நம்பினார்கள்.

மறுநாள் காலைப் பெரட்டில், வரிசையாக நின்று பேர் கொடுக்கும் அத்தனை ஆட்களுக்கும் முன்னால், நல்லம்மாளைக் கொட்டகையிலிருந்து நீக்கி மருந்தடிக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். அவர் இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்தார். பிரமிளாவின் அண்ணன் சின்னையா வரிசையை விட்டு முன்னால் வந்து, "என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா," என்று உரக்கச் சொன்னான். அதோடு பேச்சு முடிந்தது. நல்லம்மாளுக்குப் 'பிள்ளையச் சுட்டவ' என்று பேர் விழுந்தது. அதன் பிறகு கல்மேட்டில் யாரும் அவர் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்ததில்லை.

ஞானஸ்நானம் எடுத்த வருடமே பிரமிளா தெலுக் இந்தானுக்குப் போய், மகன் வீட்டில் இருந்த நல்லம்மாளின் காலில் விழுந்தாள். அவர், "எந்திரி, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த டிசம்பரில் கேக் எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். அதற்கடுத்த டிசம்பரிலும் போனாள். பதினேழு டிசம்பர் போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் அழுதாள், ஒவ்வொரு முறையும் சாப்பிட்டாயா என்று கேட்கப்பட்டாள். திரும்பி வரும் வழியில் கொஞ்சம் லேசாக இருக்கும். பொங்கல் வருவதற்குள் முழங்கால் மறுபடி ஆடத் தொடங்கிவிடும்.

போன டிசம்பரில்தான் பேச்சு மாறியது. நல்லம்மாள் கேக் டப்பாவைத் திறக்கவில்லை.

"வருசா வருசம் வந்து எங்கிட்ட அழுவுற. எனக்கு இதனால என்ன புண்ணியம்? நான் சுடலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு."

பிரமிளா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என் மருமவ யாரு? நம்ம கல்மேட்டுப் பொண்ணுதான். அன்னைக்குப் பெரட்டுல அவ அம்மாவும் நின்னாங்க. என் பேத்திக்கு ரெண்டு வயசு. வேலைக்குப் போவும்போது என்னையத் தாண்டித் தூக்கிக்கிட்டுப் போயி யாரோ ஒரு பொம்பளகிட்ட விட்டுட்டுப் போறா. நான் வீட்டுல சும்மாத்தான்லா உக்காந்திருக்கேன்."

அன்று திரும்பும்போது பிரமிளா இரண்டு முறை சாலையோரம் வேனை நிறுத்தினாள். இத்தனை வருடமும் தன் மனம் ஆற வேண்டும் என்றுதான் அங்கே போய் வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கல்மேட்டுத் தோட்டம் இப்போது இல்லை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் இருந்த அடையாளமே தெரியாது. மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். ஈப்போவிலும் தெலுக் இந்தானிலும் பாரிட் புந்தாரிலும் சிதறிக் கிடக்கும் கல்மேட்டு ஆட்கள் எல்லாரும் ஒன்றாகக் கூடுவது வருடத்துக்கு ஒரு நாள், அந்தக் கோயில் திருவிழாவில். ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து பிரமிளா காலே வைக்காத இடமும் அதுதான்.

அங்கே போய் எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன் என்று அவள் சொன்னபோது பாஸ்டருக்குத் தயக்கம். "ஆண்டவர் எப்பவோ மன்னிச்சிட்டாரு சிஸ்டர். நீங்க நம்ப மாட்டேங்குறீங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு."

"நம்புறேன் பாஸ்டர். ஆனா கல்மேட்டுல அவங்க பேரு இன்னும் அப்படியேதான இருக்கு."

"ஞானஸ்நானத்தப்பவே மனந்திரும்பிட்டீங்களே."

"அது ஒரு நாள் வேலையா பாஸ்டர்? பல்லு விளக்குற மாதிரிதான? நேத்து விளக்கிட்டேன்னு இன்னைக்கு விட முடியுமா?"

பாஸ்டர் ஜெபித்துக்கொண்டு போகச் சொன்னார். சபைப் பெண்களில் ஒருத்தி, "கோயில் மைக்குல சாட்சி சொல்லப் போற மொத ஆளு நீதான்," என்றாள். இன்னொருத்தி, அங்கே படைத்ததைச் சாப்பிடாதே என்று இரண்டு தடவை நினைவூட்டினாள். பிரமிளா இருவருக்கும் தலையாட்டினாள்.

பாஸ்டரை விடக் கஷ்டமானவர் அண்ணன். சின்னையாவுக்கு அறுபத்திரண்டு வயது. லாரி ஓட்டி ஓய்ந்தவர், பீடோரில் இருக்கிறார். கல்மேட்டுத் திருவிழாவில் வருடா வருடம் ரசம் அவர் கைதான். தங்கச்சியைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், "அவ வேன்ல ஏறுற பிள்ளைக்கு ஒரு கீறல் விழாது," என்று சொல்லிக்கொள்கிறவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"அப்ப அன்னைக்கு நான் பெரட்டுல சொன்னது?"

"அதுவும் பொய்தாண்ணே. நீங்க தெரியாமச் சொன்னீங்க."

"முப்பத்தாறு வருசம்," என்றார். பிறகு, "திருவிழா அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு வாரேன். நீ ஓட்டாத," என்றார்.

திருவிழா அன்று பிரமிளா வீட்டிலேயே ரொட்டி தின்றுவிட்டுப் புறப்பட்டாள். கோயில் எல்லைக்கு வெளியே செருப்பைக் கழற்றியவள், உள்ளே போகாமல் பந்தலுக்குப் போனாள். பெரட்டுக்களம் இருந்த அதே மேட்டில்தான் அன்னதானப் பந்தல் போட்டிருந்தார்கள். ஏழு வரிசை இலைகள். "வெள்ளக் காரு ஒண்ணு சாமி வர்ற வழிய மறிச்சு நிக்குது, யாருதுன்னு பாருங்கப்பா," என்று ஒருவர் மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார். கோயில் செயலாளர். மைக்கைப் பிடித்திருந்த வலக்கையில், தோளிலிருந்து மணிக்கட்டு வரை சுருங்கிய தோல். தீபன்.

"தம்பி, ரெண்டு வார்த்த பேசணும்," என்றாள். சின்னையாவின் தங்கச்சி என்று தெரிந்ததும் அவன் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுத்தான்.

"நான் பிரமிளா. ஆயாக்கொட்டகையில இருந்தவ. அன்னைக்குத் தீபன் மேல சுடுதண்ணி கொட்டுனப்போ நல்லம்மாக்கா அங்க இல்ல. நான்தான் பாத்திருக்கணும். வளையல் பாக்கப் போயிட்டு, அவங்க மேல பழியப் போட்டேன். அவங்க சுடல. நான்..."

அதற்குள் காவடிகள் வந்துவிட்டன. பந்தலுக்கு அந்தப் பக்கம் உறுமி மேளம் கிளம்பியது. முன்னால் இருந்த இரண்டு வரிசையில் கைகள் இலையிலேயே நின்றன. அதற்கு அப்பால் ஜனங்கள் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் என்னவோ சொன்னாள், உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. மைக்கை இறக்கினாள்.

தீபன் தன் வலக்கையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். மேளத்தை மீறிக் காதருகே வந்து சொன்னான்: "எங்கம்மா சாவுற வரைக்கும் நல்லம்மாக்காவத் திட்டிக்கிட்டே இருந்தாங்கக்கா." மைக்கை வாங்கிக்கொண்டு காவடிப் பக்கம் போய்விட்டான். அதற்கு என்ன மன்னிப்புக் கேட்பது, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் பிரமிளா நின்றாள். முழங்கால் மட்டும் ஆடியது.

யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். நல்லம்மாள். சின்னையா ரசம் ஊற்றிக் கொடுத்த வாளி ஒன்று அவர் கையில் இருந்தது.

"பின்னால கேக்கல," என்றார்.

"மேளம் நிக்கட்டும்க்கா, மறுபடி சொல்றேன்."

"மேளம் நிக்கிறதுக்குள்ள பந்தி எந்திரிச்சிரும்." வாளியை அவள் கையில் திணித்தார். "மூணாவது வரிசை நுனியில பச்சைப் புடவ, எங்க சம்பந்தியம்மா. அங்கேருந்து ஆரம்பி."

பிரமிளா தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகினாள். மூன்றாவது வரிசையையும், அதற்குப் பின்னால் இருந்த நான்கு வரிசைகளையும் கடைசி இலை வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு பச்சைப் புடவைக்காரியின் இலைக்கு முன்னால் போய், அவர் காது எட்டும் அளவுக்குக் குனிந்தாள். ரசத்துக்காக அவர் சோற்றில் குழி பறித்து வைத்துக் காத்திருந்தார். பிரமிளாவின் கரண்டி இன்னும் வாளிக்குள் போகவில்லை.