நெல் களத்தில் ரெஜினா டீச்சரின் இரண்டு வண்டிகள்

சென்ற வியாழக்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருந்தபோது மகள் வனிதா போன் செய்தாள். "அப்பா, ரெஜினா டீச்சர் தவறிட்டாங்களாம்" என்றாள். கன்னத்தில் பாதி சோப்போடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. எங்கோ தூரத்தில் ஒரு சின்ன எஞ்சின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருமுல்லைவாயிலில் ஒரு நர்சரிப் பள்ளியில் அவர் யுகேஜி டீச்சர். வனிதா அவர் வகுப்பு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் இரண்டு இரும்புச் சட்டங்களை ஏற்றிக்கொண்டு டீச்சர் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். பூந்தமல்லிப் பக்கம் காயலான் கடையில் வாங்கிய பழைய கோ-கார்ட்டுகள். யாரோ ரேஸ் ஓட்டி ஓய்ந்து போட்டவை. கூரை, கதவு எதுவும் இல்லாத, தரையிலிருந்து ஒரு சாண் உயரமே உள்ள குட்டிக் கார்கள்.

"இன்னா டீச்சர் இது?"

"மத்தியானம் பசங்கள தூங்க வெச்சா, தூக்கத்துலயே புர்ரு புர்ருனு வண்டி ஓட்டுதுங்க. முழிச்சிகினு ஓட்டட்டுமேண்ணே."

இந்தப் பொம்பளைக்குக் கிறுக்கா என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலமே ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டேன், அது வேறு விஷயம்.

வழவழப்பான தரை என்று அந்தப் பக்கம் இருந்தது ரைஸ் மில்லில் நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் மட்டும்தான். ஞாயிறு காலையில் சும்மா கிடக்கும். தன் பேரனையும் சேர்த்துக்கொண்டால் சரி என்றார் மில்காரர். சுற்றிலும் உமி மூட்டைகளை வேலியாக அடுக்கினோம். குழந்தைகளுக்குக் கால் எட்டவில்லை; பெடலில் மரக்கட்டை வைத்து சைக்கிள் ட்யூபால் இறுக்கினேன். முதுகுக்குத் தலையணை. ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல் இறங்காதபடி பெடலுக்குக் கீழே ஒரு போல்ட் வைத்தேன்.

முதல் மூன்று ஞாயிறு எஞ்சினே கிடையாது என்பது டீச்சரின் சட்டம். அப்பாக்கள் பின்னாலிருந்து தள்ள வேண்டும். பிள்ளை பிரேக் மட்டும் போட வேண்டும். "ஓட்றது கெடக்கட்டும், நிறுத்து பாக்கலாம்!" என்பார். சட்டென்று பிரேக் விழும். தொப்பையும் வேட்டியுமாக நாங்கள் வண்டிமேல் குப்புற விழுவோம். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு வேறில்லை.

நான்காவது ஞாயிறு எஞ்சின் போட்டோம். அந்தக் காலைகளை நினைத்தால் நிஜமாக நடந்தவை போலவே தோன்றுவதில்லை. ஏரிப் பக்கமிருந்து வந்த பனி களத்தின்மேல் படுத்திருக்கும். வண்டி அதற்குள் போய் மறைந்துவிடும். சத்தம் மட்டும் சுற்றி வரும். பிறகு வெயில் பட்டு உமித் தூசி பொன்னாக எழும்ப, நடுவிலிருந்து தலையைவிடப் பெரிய ஹெல்மெட் ஒன்று மிதந்து வரும். களத்தின் நடுவே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டியோடு சேர்ந்து மெல்லத் திரும்பிக்கொண்டே நிற்பார் டீச்சர். "மெதுவா நைனா, மெதுவா. காத்து எங்கயும் போவாது." அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கப்புறம் இருந்ததே இல்லை.

வனிதா எப்போதும் மில்காரர் பேரனுக்குப் பின்னால்தான் வருவாள். சிட்டுக்குருவியை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஓட்டுகிற பெண். அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. ஒரு ஞாயிறு, யாரும் பார்க்காதபோது, அவள் வண்டியின் போல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இரண்டாவது சுற்றிலேயே வண்டி உமி மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு போய் மில் சுவரில் மோதியது. வனிதாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

பெற்றவர்கள் எல்லாரும் டீச்சர்மேல் பாய்ந்தார்கள். "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேல? கொழந்தைய சாவடிக்கப் பாத்தியா?" டீச்சர் குனிந்து வண்டியின் பெடலைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கையில் அழுதுகொண்டிருந்த வனிதாவைப் பார்த்தார். "தப்பு என்னுதுதான். நான் சரியா பாக்கல" என்றார். நான் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். அன்றே களத்துக் கதவு சாத்தப்பட்டது. அடுத்த வாரம் பள்ளியிலிருந்தும் அவரை அனுப்பிவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து ஐயப்பன்தாங்கல் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "பாப்பா தோளு சரியா கீதாண்ணே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"டீச்சர், அன்னிக்கி அந்த போல்ட்..."

"தெரியும்ண்ணே. குனிஞ்சப்பவே பாத்துட்டேன். பாப்பா உங்க கழுத்தக் கெட்டியா புட்சிகினு இருந்துச்சி. அது முன்னாடி எப்படிச் சொல்றது?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகும் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கோழை என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது வனிதா சொன்னாள்: "பாவம்ப்பா, என்னாலதான அவங்க வேல போச்சி." இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வண்டியை ரோட்டோரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். வீடு வரைக்கும் அவள் அந்தத் தோளைத் தடவிக்கொண்டே வந்தாள்.

டீச்சருடைய பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு வரவேண்டிய கெட்ட பெயரை அவர் வாங்கி வைத்திருந்தார். அதை இப்போது நான் எடுத்துக்கொள்கிறேன். அன்று களத்தில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், டீச்சரைத் திட்டிய திட்டையெல்லாம் ஒன்று விடாமல் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போங்கள். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.