காப்புக் கட்டிய கை

பூவராகவனுக்குப் பேச்சு வராது; கைதான் வரும். வேப்பம்பட்டுக்குத் தெற்கே அவன் ஊரில் அது எல்லாருக்கும் தெரியும். வாய்க்கால் தகராறில் ஒருவன் தாடையைப் பெயர்த்தவன். சோறு குழைந்ததற்காக மனைவி முத்தம்மாளின் மணிக்கட்டை முறித்துவிட்டு, அவனே அவளைக் கட்டுப் போடப் புத்தூருக்குக் கூட்டிப்போனவன். மகள் செண்பகத்தின் மேல் சொம்பு, அகப்பை, மண்வெட்டிப் பிடி என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் பறந்திருக்கிறது. பத்து வயதுக்குப் பிறகு எதுவும் அவள்மேல் பட்டதில்லை. தனக்குக் குறி தப்புகிறது என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

எழுபத்து நாலாம் வருஷம் ஆடியில் திரௌபதியம்மன் தீமிதிக்கு ஊரில் காப்புக் கட்டினார்கள். கட்டிவிட்டால், தீ மிதித்து முடியும் வரை ஒருவரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டிருந்த பூவராகவன் கையில் மஞ்சள் கயிறு ஏறியது. மறுநாள் விடிந்தபோது செண்பகத்தைக் காணோம்.

முத்தம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "திருவள்ளூர் போயிருக்குது. ரிங் டென்னிஸு பைனலாம்."

முதல் அடி அவளுக்கு விழுந்தது, இரண்டாவது கதவுக்கு. சவுக்குக் கழியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி ரயிலேறினான். எல்லை தாண்டியவளை இழுத்துவரப் புறப்பட்டு, காப்புக் கயிற்றோடு தானும் எல்லை தாண்டிவிட்டது, செவ்வாப்பேட்டையில் வண்டி நின்றபோதுதான் உறைத்தது. அதற்கும் சேர்த்து அவளையே அடிப்பதென்று முடிவு செய்தான்.

பள்ளிக்கூட மைதானத்தில் வலை கட்டியிருந்தது. ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீச வேண்டும். அந்தப் பக்கம் நிற்பவள் அது தரையில் விழுமுன் ஒற்றைக் கையால் பிடித்து, பிடித்த வேகத்தில் திருப்பி வீச வேண்டும். எதிரே நின்றவள் பொன்னேரிப் பெண், செண்பகத்தைவிட ஒரு சாண் உயரம். அவள் வீசிய ஒவ்வொரு வளையமும் செண்பகத்தின் உள்ளங்கையில் அறைந்தது. விரலிடுக்கு கிழிந்து பாவாடையெல்லாம் ரத்தத் திட்டு.

கழியோடு முன்னே போனவனை ஒருவர் தடுத்தார். "யோவ், குந்துய்யா. இங்க மாடு ஒண்ணும் அறுத்துக்கினு ஓடல."

"என் பொண்ணு அது."

"உன் பொண்ணா? அப்ப நின்னுக்கினே பாரு."

கோட்டோரம் நின்ற வைதேஹி டீச்சர் திரும்பினாள். விளையாட்டுச் சொல்லித் தருகிறவள். "நீங்கதான் அவ அப்பாவா? ஆளுக்கு ஒரு கேம் ஆயிடுத்து, இது கடைசி. இதுல ஜெயிச்சா மெட்ராஸ்ல ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துக்கறதா சொல்லிருக்கா. அவளுக்கு அது ஒண்ணுதான் வேணுமாம்." பார்வையை ஆட்டத்திலிருந்து எடுக்காமலே தொடர்ந்தாள். "மத்த பொண்கள்லாம் வளையத்தைப் பார்ப்பா. இவ மட்டும் எதிராளி தோளைப் பார்க்கறா. தோள் அசையறச்சேயே எங்க வரும்னு தெரிஞ்சுடறது. இதை நான் சொல்லித் தரலை."

பூவராகவன் மகளைப் பார்த்தான். செண்பகம் முழங்காலை மடக்கி, தலையைச் சற்றுத் தாழ்த்தி நின்றாள். அந்த நிற்பை அவன் பார்த்திருக்கிறான், வீட்டில், கதவு மூலையில். கழி கையில் கனத்தது.

புள்ளி பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. அப்போது அவன் பிடரியில் ஓர் அறை விழுந்தது.

அண்ணன் ஆதிகேசவன், கோயில் தர்மகர்த்தா, அடுத்த ரயிலைப் பிடித்து வந்திருந்தான். அவனும் காப்புக் கட்டியவன்தான். "காப்போட வந்து நிக்கிறியேடா நாயே. ஆத்தா நம்ம ஊரையே எரிச்சிடுவாடா."

பூவராகவனின் கை தானாக உயர்ந்தது. கழி அண்ணன் தலைக்கு நேரே நின்றது.

வலைக்கு மேலே வளையம் வந்துகொண்டிருந்தது. செண்பகத்தின் கண் அதை விட்டு அப்பாவின் தோளுக்கு ஓடியது. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். வளையம் அவளுக்குப் பின்னால் மண்ணில் விழுந்து உருண்டது.

இருபதுக்குப் பத்தொன்பது. இன்னொன்று போனால் ஆட்டம் போயிற்று.

பூவராகவன் கழியை விட்டான். கைகளைப் பின்னால் கொண்டுபோய், காப்புக் கட்டிய கையை மற்றொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டான். ஆதிகேசவன் அதே கழியை எடுத்தான். முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று. மூன்றாவதில் புருவம் பிளந்தது.

"தூக்குடா கைய. ஊருல எல்லாரையும் அடிச்சியே, இப்ப இன்னா?"

கூட்டம் பாய்ந்து ஆதிகேசவனைப் பிடித்தது. நடுவர் விசில் ஊதினார்.

"ஆட்டத்த நிறுத்தாதீங்க சார்," என்றான் பூவராகவன். "நான் அசைய மாட்டேன்."

இருபதுக்கு இருபது ஆகிவிட்டால் இரண்டு புள்ளி முந்தினால்தான் ஜெயிப்பு. ஆக அவளுக்கு இன்னும் மூன்று புள்ளி வேண்டும், மூன்றும் தொடர்ந்து. பிடித்திருந்தவர்களிடமிருந்து திமிறிய ஆதிகேசவன் அவன் விலாவில் உதைத்தான். இருமல் வந்தது. தோள் குலுங்கிவிடுமென்று அவன் அதை விழுங்கினான். ஒரு கண்ணில் ரத்தம் இறங்கியதால் மற்றொரு கண்ணால்தான் பார்த்தான். செண்பகம் இப்போது பொன்னேரிக்காரியின் தோளை மட்டும் பார்த்தாள். இருபது. இருபத்தொன்று. கடைசி வளையம் வலையை உரசிக்கொண்டு போய், எதிராளியின் நீண்ட கைக்கு ஒரு விரல் அப்பால் விழுந்தது.

கைதட்டல் அடங்கியபின் அவள் வந்தாள். இரண்டு எட்டு தள்ளியே நின்றாள்.

"என்னிக்குப் போவணும்?" என்றான்.

"திங்கக்கெழம."

"ஊட்டுக்கு வராத. அதுவரைக்கும் டீச்சர் ஊட்லயே இரு."

"அம்மா?"

அவன் கண்ணை மறைத்த ரத்தத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினான்.

செண்பகம் குனிந்துகொண்டாள்.

கை பாதியில் நின்றது. மெல்ல அதைப் பின்னால் கொண்டுபோனான். ரத்தம் தாடையில் வழிந்து சட்டையில் சொட்டியது. அவள் திரும்பி டீச்சரிடம் போய்ச் சேரும் வரை அவன் அதைத் துடைக்கவில்லை.